கிண்ணக் காளானைத் தின்ற சடையாண்டி

ஒரு காட்டில், அதுவும் ஒரே ஒரு மரத்தடியில் மட்டும் சிக்னல் கிடைக்கும் காட்டில், சடையாண்டி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மூன்று நாள் மழை விட்ட காலையில், மட்கிய கட்டை ஒன்றின் மேல் அது ஒரு காளானைக் கண்டது. குங்குமச் சிமிழ் மாதிரி சிவந்த கிண்ணம். குடை மாதிரி இருந்தால் காளான், கிண்ணம் மாதிரி இருந்தால் என்ன என்று சடையாண்டி யோசித்தது. யோசித்தபடியே பாதியைத் தின்றுவிட்டது. அப்புறம்தான் பயம் வந்தது.

மீதிப் பாதியைக் கவ்விக்கொண்டு மரத்தடிக்கு ஓடியது. அங்கே ஓணான் இருந்தது. அதன் செல்போனில் எதைக் காட்டினாலும் பெயர் சொல்லும் ஆப் ஒன்று உண்டு. ஆகவே ஓணான் நிபுணர்.

"அண்ணே, இது விஷமான்னு பாருங்கண்ணே. வீட்ல பொண்டாட்டி தனியா இருக்கா."

ஓணான் படம் எடுத்தது. 'மனிதக் காது' என்றது ஆப்.

"வெளிச்சம் பத்தல," என்று ஓணான் காளானைக் கவிழ்த்து வைத்து எடுத்தது. 'டீ கப்' என்று வந்தது. மூன்றாம் முறை, 'கொடிய கிண்ணக் காளான். தின்ற முள்ளம்பன்றி மாலை ஆறு மணிக்குள் சாகும்' என்று வந்தது.

"இதான் கரெக்ட்," என்று ஓணான் தலையாட்டியது. ஓணான் எதற்கும் தலையாட்டும் என்பது பாவம், சடையாண்டிக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதது.

அழுகை கேட்டு மிருகங்கள் கூடின. அதில் நரி உடனே 'கண்ணீர் அஞ்சலி' பேனருக்குச் சொல்லிவிட்டது. மதியமே பேனர் வந்து இறங்கியது. அதில் சடையாண்டி படம் சின்னது, நரி படம் பெரியது.

ஆறு மணி ஆனது. ஆறரையும் ஆனது. சடையாண்டிக்கு ஒரு ஏப்பம் மட்டும் வந்தது.

"நான் சாகலண்ணே!" என்று குதித்தது.

"பேனர் கட்டியாச்சேப்பா!" என்று நரி எரிந்து விழுந்தது.

ஓணான் நிதானமாகச் செல்போனைச் சடையாண்டி பக்கம் திருப்பிப் படம் எடுத்தது. 'தென்னந் துடைப்பம். தொண்ணூற்றெட்டு சதவீதம்' என்றது ஆப்.

"பாத்தீங்களா? காளான் விஷம்தான். முள்ளம்பன்றி தின்னா சாகும். தொடப்பம் தின்னா எப்படிச் சாகும்?"

எல்லா மிருகங்களும் ஆமாம் போட்டன.

அந்நேரம் சடையாண்டியின் மனைவி பூவாயி, பேனரைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு வந்தது.

"ஏ பூவாயி, நான்தான்டி!"

பூவாயி புருஷனைப் பார்த்தது. செல்போனைப் பார்த்தது. "தொண்ணூத்தெட்டா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. "எங்க வீட்டுத் தொடப்பம் தேஞ்சுபோச்சு. இத எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

சடையாண்டி வாயைத் திறந்தது. உயிரோடு இருக்கிறோம், வீட்டுக்கும் போகிறோம், பிறகென்ன என்று மூடிக்கொண்டது.

மறுநாள் காலை வாசல் பளிச்சென்று இருந்தது.

"மூலையில குப்பை நிக்குது பாரு," என்றது பூவாயி. சடையாண்டி போய் மூலையைக் கூட்டியது.

நீதி: நிபுணர் சொன்ன பிறகும் உயிரோடு இருக்க ஆசைப்பட்டால், வேறு யாராகவாவது இருக்கப் பழகிக்கொள்.