மூன்று வால்களும் ஒரு மாமனாரும்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். தாங்களும் என் மகளும் அங்கு நலம் என்று நம்புகிறேன். தங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து குடித்தனக்காரியாகிவிட்ட தங்கள் அத்தையும் நலமாகத்தான் இருப்பாள். நலமில்லை என்றால் மட்டும் எனக்கு யார் சொல்லப்போகிறீர்கள்?

பொருள்: ரிமோட்டில் பறக்கும் சிறிய ரேடியோ ஹெலிகாப்டர்களின் வாலைச் சுழற்றும் முறைகள் மூன்று, அவற்றின் நிறைகுறைகள்.

தங்கள் பறக்கும் சங்கத்து நண்பர்களுக்குப் படித்துக் காட்ட, மூன்று வாலையும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பணிமனை வேலையில், பஸ் நடுவழியில் நின்றால் ஏன் நின்றது என்று எழுதி எழுதியே தேய்ந்த கை இது. எழுதுகிறேன். ஆனால் பஸ் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பாமல் மேலே அனுப்ப முடியாது. ஆகவே காரணத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த வீட்டை விற்றுவிட்டு, உங்கள் பக்கத்தில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று தங்கள் அத்தை சொன்னாள். நான் முடியாது என்றேன். மாடிப்படி மூட்டுக்கு ஆகவில்லை என்றாள். கீழே கூடத்திலேயே கட்டில் போட்டுத் தருகிறேன் என்றேன். "சும்மா ஒரு வாரம் பொண்ணு வீட்டுல இருந்துட்டு வரேன்" என்று கிளம்பிப் போனாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அவளுக்குப் பதிலாக வாசலுக்கு வந்து சேர்ந்தது தாங்கள் அனுப்பிய பெட்டி. மனைவி போன வீட்டுக்கு ஹெலிகாப்டர் அனுப்பி ஆறுதல் சொன்ன முதல் மாப்பிள்ளை தாங்களாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே ஒரு சீட்டு: "மாமா, சும்மா உக்காந்திருக்காதீங்க, இதைப் பறக்க விடுங்க." நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, கோபமாக உட்கார்ந்திருந்தேன். அந்த வித்தியாசம் தங்களுக்குத் தெரியவில்லை, போகட்டும்.

முதலில் சங்கத்து நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. மேலே இருக்கிற பெரிய இறக்கை ஒரு பக்கம் சுற்றினால், ஹெலிகாப்டரின் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நேராக நிறுத்துவது வாலில் இருக்கிற குட்டி விசிறி. அந்த விசிறியை எப்படிச் சுற்ற வைப்பது என்பதில்தான் உங்கள் ஆட்களுக்குள் இத்தனை அடிதடி.

முதலாவது, மோட்டார் வால். வால் நுனியிலேயே விரல் பருமனில் தனியாக ஒரு மோட்டார், குழாய்க்குள் ஒரு வயர், அவ்வளவுதான். எடை இல்லை, விலை இல்லை, மாட்டுவதற்குப் படிப்பும் வேண்டாம். அதற்குத் தைரியமும் இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. மெதுவாகத் தூக்கினால் நல்ல பிள்ளையாக நிற்கும். கொஞ்சம் அவசரப்பட்டு மேலே ஏற்றினீர்களோ, "என்னால ஆகாது சாமி" என்று வால் கையை விரித்துவிடும், மொத்த ஹெலிகாப்டரும் கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பிக்கும். அப்படிச் சுற்றிக்கொண்டே மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு நாள் புகுந்துவிட்டது. புகுந்தது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுற்ற, கோட்டு தானாகக் கையை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டது. டாக்டர் ஓடி வந்தார். "சார், ஓட்டத் தெரியலைன்னா தரையில வச்சுப் பாத்துக்கிட்டிருங்க. கிழிஞ்ச கோட்டோட போய் நான் யார் வாயில கை வைக்கிறது?" என்றார். நான் கோட்டுக்குள்ளிருந்து ஹெலிகாப்டரை உருவி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதோடு அந்த மோட்டார் கருகிவிட்டது. இந்த வகையின் பெரிய குறையே அதுதான், நாலு முறை நன்றாக உழைத்தால் ஐந்தாம் முறை சூடேறிச் செத்துவிடும். தாங்கள் வீடியோவில் போன் செய்து, புது மோட்டாரைச் சால்டரிங் வைத்து, அதாவது ஈயம் உருக்கி ஒட்டி, மாட்டுவது எப்படி என்று காட்டினீர்கள். தங்களுக்கு ஒரு கையில் சால்டரிங் கம்பி, இன்னொரு கையில் இடுக்கி. போனை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். யார் என்று தாங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் படம் ஒரு நிமிஷம் மேஜையைக் காட்டும், ஒரு நிமிஷம் மின்விசிறியைக் காட்டும். அப்படிப் பிடிக்கிற கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு. எங்கள் வீட்டு ஆல்பம் முழுக்க நான் தலையில்லாமல் நிற்பதற்குக் காரணமான கை. நான் ஒரு ஸ்க்ரூவைக் காணோம் என்று தவித்துக்கொண்டிருந்தபோது படத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "கண்ணாடிக் கூட்டுல பாக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை. எதைத் தொலைச்சாலும் அங்கதான் வச்சிருப்பாரு." பார்த்தேன். இருந்தது. "இல்லைன்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும். நடுவில் சால்டரிங் கம்பியோடு விழித்துக்கொண்டிருந்தது தாங்கள் ஒருவர்தான். அதற்குப் பிறகு மோட்டார் கருகிக்கொண்டே இருந்தது, போனும் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் "அவரு இளைச்ச மாதிரி இருக்காருன்னு சொல்லுங்க" என்றாள். "என் மூஞ்சியைப் பாக்காம எப்படித் தெரிஞ்சுதாம்னு கேளுங்க" என்றேன். இப்படியாக மோட்டார் வால் மிகவும் மட்டமானது என்பதை இந்த ரிப்போர்ட்டில் பதிவு செய்கிறேன்.

தங்களுக்கு என் மேல் இரக்கம் வந்து, அடுத்து பெல்ட் வால் வைத்த இன்னொரு ஹெலிகாப்டர் வந்தது. இதில் தனி மோட்டார் கிடையாது. முன்னால் இருக்கிற பெரிய மோட்டாரே, குழாய்க்குள் ஓடுகிற பல் வைத்த ரப்பர் பெல்ட்டால் வாலையும் சுற்றும். பிடிப்பு பரவாயில்லை, எங்காவது முட்டினாலும் பெல்ட் வழுக்கிக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் தொட்டாற்சிணுங்கி. லொடலொடவென்று விட்டால் பல் தாண்டும், இறுக்கினால் மோட்டார் முனகும். அந்தப் பெல்ட்டைக் குழாய்க்குள் நுழைப்பதே பெரும்பாடு. பல் டாக்டரே மனமிரங்கி, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கொடுத்தார். குழாய்க்குள் விட்டுப் பார்த்தேன், இருட்டுதான் தெரிந்தது. அப்போதும் படத்துக்குப் பின்னாலிருந்து, "நாடா கோக்கிற மாதிரி ஒரு நூலைக் கட்டி இழுக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை. இதுக்கு எதுக்கு டாக்டர்?" என்றது குரல். இழுத்தேன், வந்தது. ஆனால் அந்தப் பெல்ட்டை உள்ளே கால் சுற்றுத் திருப்ப வேண்டும், அதுவும் சரியான பக்கம். தாங்கள் ஒரு பக்கம் சொன்னீர்கள். பஸ் பெல்ட் எத்தனையோ மாட்டிய திமிரில் நான் இன்னொரு பக்கம் திருப்பினேன். வால் விசிறி தலைகீழாகச் சுற்ற, உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டியது கூடச் சேர்ந்துகொண்டு தள்ள, ஹெலிகாப்டர் என் கண்ணெதிரே பம்பரமாகச் சுழன்று டாக்டரின் பூந்தொட்டிகளை வரிசையாகச் சாய்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் குதித்தது. மறுபடி பிரித்து மாட்டும்போதும் என் கை பழைய பக்கமே திரும்பியிருக்கிறது. அப்போதுதான் நடந்தது. "அந்தப் பக்கம் இல்லீங்க! எப்பவும் எதிர்ப்பக்கம்தானா?" என்று கத்தினாள். மாப்பிள்ளையிடம் இல்லை, என்னிடம். திட்டுதான், இருந்தாலும் நேராக வந்த திட்டு. மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். "பெல்ட்டை எவ்வளவு இறுக்கணும்?" என்றுதான் வந்தது. அவள் போனைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது, ஷாஃப்ட் வால். இது வந்ததுதான் எனக்குப் பிடித்த சனி. ரப்பர் கிடையாது, இழுவை கிடையாது, திருப்புவதற்கு எதுவும் கிடையாது. குழாய்க்குள் மெல்லிய கம்பி ஒன்று, இரண்டு முனையிலும் பல்சக்கரம். "இதுல ஒண்ணும் பண்ண வேண்டாம் மாமா, மாட்டுங்க, மறந்துடுங்க" என்றீர்கள். நான் மாட்டினேன், நீங்கள் மறந்தீர்கள். வால் எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கிறது. மூக்கை எந்தப் பக்கம் திருப்பினேனோ அந்தப் பக்கமே பார்க்கிறது. இதற்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு, வால் தரையில் தட்டினால் பல்சக்கரத்தின் பல் போய்விடும் என்கிறார்கள். ஆனால் தட்டினால்தானே? நான் கருகி, சுழன்று, தண்ணீரில் விழுந்து, அதற்குள் ஓட்டக் கற்றுத் தொலைத்துவிட்டேன். பல் டாக்டர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இப்ப ஜோரா ஓட்டுறீங்க சார். நீங்க இருக்கிறதே தெரியலை" என்கிறார். சண்டை போடக்கூட இப்போது அவர் வருவதில்லை. போன் அடிப்பதில்லை. போன வாரம் நானே, "மாப்பிள்ளை, வாலில் ஏதோ சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது" என்று செய்தி அனுப்பினேன். "அது நார்மல் மாமா" என்று பதில் வந்தது, கட்டை விரல் படத்தோடு. என் மகளிடம் பேசினால், "அதான் ஹெலிகாப்டர் நல்லா ஓடுதாமேப்பா, அப்புறம் என்ன குறை?" என்கிறாள்.

என்ன குறையா? நான் யார்கிட்டயாவது வால் வேணும்னு கேட்டேனா மாப்பிள்ளை? மூணு பேரும் அங்க ஒண்ணா உக்காந்து சாப்பிடுறீங்க, நான் இங்க ரிமோட்டை மடியில வச்சுக்கிட்டு ஒரு தட்டுல சாப்பிடுறேன். கூடத்துல கட்டில் போட்டு, மெத்தை வெயில்ல காயவச்சு, விரிப்பும் மாத்தி வச்சிருக்கேன், அதைப் பாக்கவாவது ஒருத்தர் வந்தீங்களா? அவ கேட்டது லிஃப்ட். லிஃப்டுக்காக ஒருத்தி புருஷனை விட்டுட்டுப் போவாளா? போவா போலிருக்கு. நீங்களும் வா வான்னு கூப்பிட்டு வச்சுக்கிட்டீங்க. உங்க மேல எனக்குக் கோபம் இல்லைன்னு எழுதணும்னுதான் நினைச்சேன். இருக்கு. நிறையவே இருக்கு.

மன்னிக்கவும், ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். முடிவுரை: சிக்கனம் வேண்டுவோர் மோட்டார் வாலும், அடிக்கடி விழுவோர் பெல்ட் வாலும், யாருடைய தயவும் வேண்டாதவர்கள் ஷாஃப்ட் வாலும் வாங்கலாம். மூன்று ஹெலிகாப்டர்களையும் அவற்றின் பெட்டிகளிலேயே போட்டுக் கட்டித் தங்கள் முகவரிக்கு நாளையே அனுப்பிவிடுகிறேன். இனி இந்த வீட்டுக்கு எந்த வாலும் அனுப்ப வேண்டாம். போன் செய்யவும் வேண்டாம். எனக்கு இங்கு ஒரு குறையும் இல்லை.

தாங்களும் என் மகளும் ஒருவர் பேச்சை ஒருவர் கடைசி வரை கேட்டு, ஒரே கூரையின் கீழ் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கிறேன். தங்கள் அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும். சொல்ல மறந்தாலும் ஒன்றும் பாதகமில்லை.

இப்படிக்கு,
தங்கள் மாமா

பி.கு.: பெட்டி எதையும் கட்டவில்லை. கட்டுவதாகவும் இல்லை. ஷாஃப்ட் வாலும் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் ஒரு பல்கூடப் போகவில்லை. ஆனால் மொத்தமும் போய்விட்டது, மாமாவால் தனியாகப் பார்க்க முடியாது என்று உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள். நம்பமாட்டாள். இருந்தாலும் சொல்லுங்கள்.