கரி லோடு முடிச்சும் என் மஞ்சள் பெல்ட்டும்

நாற்பது வயதில் ஒருவன் திடீரென்று தும்பைப்பூ மாதிரி வெள்ளை உடுப்பு போட ஆரம்பித்தால், ஒன்று அவன் தேர்தலில் நிற்கப்போகிறான். இல்லையென்றால் டாக்டர் அவனை உடம்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். நான் இரண்டாவது ரகம். திருச்சுழியில் உரக்கடை நாற்காலியில் உட்கார்ந்தே வளர்த்த தொப்பையோடு அருப்புக்கோட்டையில் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். என் மகள் யாழினி அங்கே ஏற்கெனவே ஆரஞ்சு பெல்ட். வயது ஒன்பது. நான் வெள்ளை. (வகுப்பில் நான்தான் அவளுக்கு முதலில் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும்.)

எல்லாம் ஓரளவு வந்தது. பெல்ட் கட்டுவது மட்டும் வரவில்லை. இரண்டு குத்து விட்டால் முடிச்சு அவிழும், மேல்சட்டை விரியும், தொப்பை வெளியே வந்து எல்லோரையும் நலம் விசாரிக்கும்.

"சார், உடுப்பு சரியா இருந்தாத்தான் பாதி மார்க்கு. பரீட்சையில பெல்ட்டு அவுந்தா ஃபெயிலு" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். யாழினியோ, அப்பா மஞ்சள் பெல்ட் வாங்கப்போகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டிருந்தாள். அவளுக்குத் தலைகுனிவு வந்துவிடக்கூடாதே என்று எனக்கு ஒரு வாரம் தூக்கமே இல்லை.

பரீட்சை அன்று காலையில் என் மனைவியின் தம்பி செல்வத்தைப் பிடித்தேன். பரளச்சிப் பக்கம் கரிமூட்டை லாரிகளுக்குக் கயிறு கட்டுகிறவன்.

"மாப்ள, என்ன ஆனாலும் அவுறக்கூடாது."

"மச்சான், நான் கட்டுன லோடு கேரளா வரைக்கும் போயிருக்கு. ஒரு மூட்டை சரிஞ்சதில்ல. மூச்ச இழுத்துப் பிடிங்க."

என் இடுப்பில் முழங்காலை ஊன்றி ஒரு இழுப்பு இழுத்தான். (பிடித்த மூச்சை அதற்குப் பிறகு என்னால் விடவே முடியவில்லை.)

பரீட்சை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பெல்ட் இம்மியும் அசையவில்லை. குத்தும்போது போடவேண்டிய சத்தம்தான், காற்றில்லாமல், மிதிபட்ட ரப்பர் பொம்மை மாதிரி 'கீ' என்று வந்தது. ஆனாலும் பாஸ்!

அப்போதுதான் மாஸ்டர் சொன்னார், "பழைய பெல்ட்ட அவுத்து, மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு வாங்க, புதுசு தாரேன்."

பொடிசுகள் எல்லாம் ஒரு நொடியில் அவிழ்த்தன. நான் இழுத்தேன். மாஸ்டர் இழுத்தார். கையால் ஓடு உடைக்கிற இன்னொரு கறுப்பு பெல்ட்காரர் வந்து இழுத்தார். அவர் நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"வெட்டிருவமா?" என்றேன்.

"பெல்ட்ட வெட்டுறதா? மரியாத என்னத்துக்கு ஆகும்!" என்று மாஸ்டர் பதறினார்.

செல்வத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். "அய்யய்யோ, இழுத்தீகளா? அது லோடு முடிச்சு மச்சான், இழுக்க இழுக்க இறுகும்! கோணி ஊசிய விட்டு நெம்பணும். நரிக்குடியில நிக்கேன், சாயங்காலமா வாரேன்."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. யாழினி முன்னால் வந்தாள். "அப்பா, கையத் தூக்குங்க. சட்டையோட சேத்துத் தலை வழியா உருவிருவோம்."

அவளும் மாஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருவினார்கள். சட்டையும் பெல்ட்டும் கழுத்துவரை வந்து நின்றுவிட்டன. தலை உள்ளே. வெளியே, வண்டி துடைக்க மனைவி எடுத்துவைத்திருந்தும் நான் உள்ளே போட்டுவந்த ஓட்டைப் பனியன். யாரோ போட்டோ எடுக்கிற சத்தம் வேறு. போச்சு, பிள்ளை அழப்போகிறாள் என்று உள்ளே இருந்தபடி காதைத் தீட்டினேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தது அவள்தான். அதைக் கேட்டதும் என் வெட்கமெல்லாம் போய், உள்ளேயே நானும் சிரித்துவிட்டேன். தலை வெளியே வந்ததும் ஓட்டைப் பனியன் மேலேயே மஞ்சள் பெல்ட்டை அவள் கையால் கட்டிவிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சட்டையிலும் இருந்ததில்லை.

போன மாசம் செல்வத்துக்குக் கல்யாணம். அவன் தாலியோடு குனிந்த நேரத்தில் யாழினி பின்னாலிருந்து கத்தினாள்: "மாமா, லோடு முடிச்சாப் போடுங்க!"

மணப்பெண் சட்டென்று தலை நிமிர்ந்து, "அப்ப நான் என்ன கரிமூட்டையா?" என்று கேட்டாள். மேளக்காரர் சிரித்ததில் கெட்டிமேளம் தாளம் தப்பியது. இப்போது அவர்கள் வீட்டில் எந்தச் சண்டையும் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறதாம்.