கட்டிலுக்கு அடியில் ஒரு வாத்து

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கேயும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் கதையில் கை வைப்பவர்களுக்கு என்ன குறை?

உங்கள் பதிப்பகத்திலிருந்து மாதிரிப் புத்தகம் வந்தது. நான் எழுதிக் கொடுத்தது அறையை ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு கரடியின் கதை. காலமெல்லாம் ஆபீசில் கோப்பு அடுக்கியவனுக்கு ஒழுங்கைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைத்துவிட்டேன். உங்கள் மகள்தான் படம் வரைகிறாள் என்றதும், குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று சந்தோஷப்பட்டேன். அந்த மகராசி, "பெரிய, கறுத்த, கொழுகொழு கரடி" என்று நான் எழுதியதில் கரடியை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். போனில் கேட்டால், "அதான் படத்துல தெரியுதே மாமா" என்கிறாள். சரி, தொலையட்டும் என்று பார்த்தால், "கரடி அறையைச் சுத்தம் செய்தது" என்ற பக்கத்தில் கரடி எல்லாச் சாமானையும் கட்டிலுக்கு அடியில் திணிக்கிறது. போதாததற்கு நான் கனவிலும் நினைக்காத வாத்து ஒன்றும் அதோடு உள்ளே போகிறது. "அறை பளிச்சென்று இருந்தது" என்ற பக்கத்தில் மெத்தை கூரையை முட்டுகிறது. அடுத்தது வெறும் கட்டில் கால் மட்டும், ஓர் எழுத்துகூட இல்லை. "திருப்புறதுக்கு முன்னாடி புள்ளைங்க மூச்சைப் பிடிச்சுக்கணும் மாமா" என்று விளக்கம் வேறு. திருப்பினால் இரண்டு பக்கத்துக்கும் சாமான் கொட்டிக் கிடக்கிறது. நான் பாடுபட்டு எழுதிய நீதி இருந்த கடைசிப் பக்கம் முழுக்க வெள்ளை. மூலையில் வாத்து தூங்குகிறது.

பேத்திக்காகத்தானே எழுதினேன். நான் "ஒரு ஊர்ல" என்று தொடங்கினாலே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்பது உங்களுக்கே தெரியும். இந்தப் புத்தகத்துக்காகவாவது பக்கத்தில் வந்து உட்காருவாள் என்று இருந்தேன். இப்போது எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்கிறது. பார்ப்பவர்கள் யாரைப் பொய்யன் என்பார்கள்? அட்டையில் இருப்பது என் பெயர். ஆகவே வாத்தை நீக்கி நீதியைச் சேருங்கள். முடியாதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. ஓவியருக்கு ஆசிகள், அதையும் அவள் வெட்டாமல் இருந்தால்.

இப்படிக்கு,
கரடி என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் சொந்தக்காரனான உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பேத்தி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் ஏறிவிட்டாள். "கரடி அறையைச் சுத்தம் செய்தது" என்று நான் வாசித்ததும் என் வாயைப் பொத்தி, "கரடி பொய் சொல்லுது தாத்தா. நீ சும்மா இரு, நான் சொல்றேன்" என்றாள். ஓர் எழுத்தும் தெரியாதவள் கடைசிப் பக்கம் வரை எனக்குக் கதை சொன்னாள். இன்னும் இறங்கவில்லை, அவள் தலைக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீதி வேண்டாம். வாத்துக்கு ஒரு தலையணை மட்டும் வரையச் சொல்லுங்கள். பாவம், வெறும் தரையில் படுத்திருக்கிறதாம்.