தரகர் அண்ணாச்சி கவுன்ட்டிக்குப் பார்த்த சம்பந்தம்

நியூ ஜெர்சியில் குடியிருக்கும் தமிழர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆனதற்கும், மீதிப் பேருக்கு ஆகாமல் போனதற்கும் ஒரே மனிதர்தான் காரணம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அலுவலகக் கதவில் அதை எழுதி ஒட்டியிருந்தார்கள். படித்தவர் யாரும் இல்லை. எங்களுக்கெல்லாம் அவர் தரகர் அண்ணாச்சி.

பாளையங்கோட்டைக்காரர். ஐம்பதைத் தொட்டவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். திங்கட்கிழமை காலையில் ராகு காலம் முடியும்வரை போனைத் தொட மாட்டார்.

"ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்கு ராகு காலம் எதுக்கு அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நமக்கு ஒண்ணும் இல்லடே. ராகுவுக்கு அந்த விவரம் தெரியாதுல்லா" என்றார்.

தரகு வேலை அவருக்குப் பொழுதுபோக்கு. பிழைப்பு கவுன்ட்டி அரசாங்கத்தில், ஆள் எடுக்கும் பிரிவில். கவுன்ட்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. கலெக்டர் மட்டும் கிடையாது. அதனால்தானோ என்னவோ அவ்வப்போது வேலை நடக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பொது நிர்வாகம் படிக்க இங்கே வந்து, படிப்பு முடிந்ததும் அதே பிரிவில் அண்ணாச்சிக்கு உதவியாளனாகச் சேர்ந்தேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்த்த என் அப்பாவுக்கு இதை எழுதினேன். யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். 'பையனுக்கு அமெரிக்காவில் கலெக்டர் ஆபீஸில் உத்தியோகம்' என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அப்பாவைப் பொய்யராக்க மனமில்லாமல் தினமும் டை கட்டிக்கொண்டு போனேன். என் வேலை பெரும்பாலும் அண்ணாச்சியின் நாற்காலிக்கு அடியில் பழைய டெலிபோன் டைரக்டரியைச் செருகுவது. அந்த நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது. அவர் உட்கார்ந்தால் இடது பக்கம் சாயும். புது நாற்காலி கேட்டு எழுதிப்போட்டதாகவும், அது பரிசீலனையில் இருப்பதாகவும் நான் சேர்ந்த அன்றே சொன்னார்.

தரகர் என்றால் பொய் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் அண்ணாச்சி அந்தத் தொழிலுக்கே அவமானம். பிளெய்ன்ஸ்பரோ அப்பார்ட்மென்ட் ஒன்றில், பெண் வீட்டார் எதிரில், மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இப்படிச் சொன்னார்: "பையன் தங்கமான பையன். சிகரெட், தண்ணி ஒண்ணும் கிடையாது. ஆனா அவங்கம்மா போன்ல சரின்னு சொல்லாம ஒரு சட்டைகூட வாங்க மாட்டான். அதையும் யோசிச்சுக்கிடுங்க."

மாப்பிள்ளை வாயில் இருந்த கேசரியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "கல்யாணத்த முடிக்கணும்னு போறீங்களா, கெடுக்கணும்னு போறீங்களா?"

"நாளைக்கு அந்தப் பிள்ள என்னயப் பாத்து, ஏன் அங்கிள் முன்னாடியே சொல்லலன்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்? நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

இப்படியாக அவர் பேசிய சம்பந்தங்களில் பெரும்பாலானவை கேசரியோடு முடிந்தன. மிஞ்சியவை மட்டும் இடி விழுந்தாலும் அசையாமல் நின்றன.

அந்தச் சமயத்தில்தான் கவுன்ட்டியின் பட்ஜெட் டைரக்டர் ஓடிப்போனார். அவருக்கு முன்னால் இருந்தவரும் ஓடியவர்தான். அவர் மட்டும் மரியாதையாக ராஜினாமா எழுதி வைத்துவிட்டு ஓடினார். பட்ஜெட் டைரக்டருக்கு உண்மையில் ஒரே வேலை. ரோடு போடுகிறவர் வந்து தார் கேட்பார், ஷெரிஃப் வந்து கார் கேட்பார், நூலகத்துக்காரர் வந்து அலமாரி கேட்பார். எல்லோரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே கேன்டீனில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதற்கு இரும்பு மனமும் இரும்பு வயிறும் தேவை. நாங்கள் இதுவரை எடுத்த ஆட்களுக்கு டை மட்டும்தான் இருந்தது.

எங்கள் பிரிவின் தலைவி ஓர் அமெரிக்கப் பெண்மணி. பென்சிலைக்கூட உயர வரிசையில் அடுக்கி வைப்பவர். நாங்கள் இருவரும் எங்களுக்குள் அவரைப் பெரியம்மா என்போம். பெரியம்மா அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சிரித்த முகத்தோடு சொன்னார்: "ஆளை நீங்களே தேர்ந்தெடுங்கள். நீங்கள் சிபாரிசு செய்கிறவருக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். இவரும் ஓடினால், அடுத்த வருஷம் உங்கள் பதவி இருக்காது."

அமெரிக்காவில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் புன்னகையோடுதான் செய்வார்கள். அண்ணாச்சியின் மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். ஆள் எடுப்பதே பிழைப்பாக இருந்தவரை, ஐம்பது வயதில் வேறு யார் ஆளாக எடுப்பார்கள்?

அண்ணாச்சி சாய்ந்த நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார்: "இதுவரைக்கும் இவங்க முறையில பாத்தோம். எல்லாவனும் ஓடிட்டானுவ. இனிமே நம்ம முறையில பாப்போம்டே."

நம் முறையின் முதல் படியாக, விண்ணப்பத்தில் பிறந்த நேரம், பிறந்த ஊர் என்று இரண்டு கட்டம் சேர்த்தார். பெரியம்மா சிவப்பு மையால் அடித்தார். வயது, கல்யாணம், குழந்தை குட்டி எதையும் கேட்கக் கூடாது, சட்டம் என்றார்.

"கேக்கத்தான கூடாது? அவங்களாவே சொன்னா?" என்றார் அண்ணாச்சி.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வந்தவரிடம் தன் மூத்த அக்காளின் மூட்டுவலியில் ஆரம்பித்து, தம்பி பாகப்பிரிவினையில் மனஸ்தாபப்பட்டது வரை சொல்வார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு, கருணையோடு பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அமெரிக்கர்கள் பனியைத் தாங்குவார்கள், அணுகுண்டைத் தாங்குவார்கள், எதிரே ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதை மட்டும் தாங்க மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விவாகரத்து, மாமியார், மூலம் என்று எல்லாம் தானாக வெளியே வரும்.

கடைசியில் மூன்று பேர் தேறினார்கள். முதலாமவர் நியூயார்க்கில் பெரிய பேங்க் ஒன்றில் வேலை பார்த்தவர், வீடு பார்சிப்பனியில். கோட்டே அவருக்காக நேர்முகத் தேர்வுக்கு வந்து பாஸாகிவிடும் போல இருந்தது.

"தெருவுல போய் விசாரிக்காம எப்படிடே சம்பந்தம் பண்ணுதது?" என்றார் அண்ணாச்சி. சனிக்கிழமை காலை, ராகு காலம் எல்லாம் கழித்து, என் காரில் கிளம்பினோம். தெரு முனையில் காரை விட்டுவிட்டு நடந்தோம். அண்ணாச்சிக்கு மங்கி கேப், மப்ளர், கையில் குடை. அந்தத் தெருவில் அதுவரை யாரும் நடந்தே பார்த்திராத மாதிரி ஜன்னல் திரைகள் விலகின. புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் நேராகப் போனார். அண்ணாச்சி ஆங்கிலத்தில் பேசினாலும் அது பாளையங்கோட்டைத் தமிழ்தான் என்பதால், எல்லோர் பேச்சையும் தமிழிலேயே தருகிறேன்.

"அந்த வீட்டுப் பையன் எப்படிம்மா? ராத்திரி நேரத்துக்கு வீட்டுக்கு வருவானா? தாயாரோட சண்டை கிண்டை போடுவானா?"

அந்த அம்மா குழாயை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். அடுத்து போலீஸ் கார் வந்தது.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்றார் போலீஸ்காரர்.

"கவுன்ட்டிக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம்" என்றார் அண்ணாச்சி.

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான், குடும்பத்தின் முதல் கைதியாகவும் ஆகப்போகிறேன் என்று தோன்றியது. அப்பா இதைத் தெருவில் எப்படிச் சொல்வார் என்று யோசித்துக்கொண்டே, கவுன்ட்டி அடையாள அட்டையை நீட்டினேன். அதற்குள் போலீஸ் வந்த தைரியத்தில் அந்த அம்மா வெளியே வந்தார்.

"அவரைப் பற்றியா விசாரிக்கிறீர்கள்? நல்லது. எங்கள் ஏணியை வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் தரவில்லை. கேட்டால், எந்த ஏணி என்கிறார்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பேங்க்காரர் கதை அங்கேயே முடிந்தது. "பக்கத்து வீட்டு ஏணியவே முழுங்குதவன் கையில ஊர்ச் சொத்தக் குடுக்கவா?" என்றார் காரில். கிளம்பும் முன் அந்தப் போலீஸ்காரரிடமும் அக்காள் மூட்டுவலியைச் சொல்லி, அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்ற தகவலையும் வாங்கியிருந்தார்.

மற்ற இருவரையும் தன் அறைக்கே வரவழைத்தார். பெண் பார்க்கும் இடத்தில் பஜ்ஜி இல்லாமல் எப்படி? அவர் மனைவி காலையிலேயே எழுந்து போட்டு, அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார். அன்று கவுன்ட்டி கட்டடம் முழுக்க வாழைக்காய் பஜ்ஜி வாசம். தீயணைப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு பஜ்ஜியோடு திரும்பிப் போனார்.

முதலில் வந்தவர் சிரிப்புக்காரர். பக்கத்து கவுன்ட்டியில் உதவி டைரக்டர். பஜ்ஜியைப் புகழ்ந்தார், அக்காள் மூட்டுவலிக்கு வருத்தப்பட்டார், என் டையைக்கூட நன்றாக இருக்கிறது என்றார். "நான் வந்தால் யார் பதவியிலும் கை வைக்க மாட்டேன். உங்களுக்கு இன்னோர் உதவியாளரே தரலாம். முதலில் இந்த நாற்காலியை மாற்ற வேண்டும்" என்றார். எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது.

அடுத்தவர் மிஸ் கார்வர். ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூட போர்டில் வரவு செலவு பார்த்தவர். சாம்பல் நிறக் கோட்டு, சாம்பல் நிறத் தலை, அதே நிறத்தில் ஒரு பார்வை. பஜ்ஜித் தட்டை நீட்டினேன்.

"இதற்கு யார் செலவு?" என்றார்.

"என் மனைவியின் செலவு" என்றார் அண்ணாச்சி.

"அப்படியானால் சரி" என்று சொல்லி வரிசையாக நான்கு பஜ்ஜி சாப்பிட்டார்.

அண்ணாச்சி மூட்டுவலியை அவிழ்த்தார், பாகப்பிரிவினையையும் சொன்னார், பிறகு வாயை மூடிக்கொண்டார். மிஸ் கார்வரும் வாயை மூடிக்கொண்டார். சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் யாரோ டைப் அடித்து முடித்து, காகிதத்தை உருவி, வேறு காகிதம் செருகினார்கள். அண்ணாச்சியின் நெற்றியில் வியர்வை. என் அனுபவத்தில் முதன்முறையாக அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"வந்ததும் முதலில் எதைக் குறைப்பீர்கள்?"

மிஸ் கார்வர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "உங்கள் கவுன்ட்டியில் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இந்த ஒரு பதவிக்குத்தான் விதிவிலக்கு. அப்படியிருக்க, ஆள் எடுக்க முழுநேரம் ஒருவர், அவருக்கு உதவிக்கு ஒருவர். சம்பளம் குறைந்தவர் ஒருவர் போதும்."

"அப்படியென்றால் எந்த நாற்காலி போகும்?"

"நீங்கள் உட்கார்ந்திருப்பது."

நாற்காலி கிறீச் என்றது. அண்ணாச்சி தட்டை மெல்ல அவர் பக்கம் தள்ளினார். "இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். "சிரிப்புக்காரரையே எழுதிருங்க அண்ணாச்சி. அவரும் நல்லவர்தான்."

"நல்லவன்தான். தார் கேட்டாலும் சரிம்பான், கார் கேட்டாலும் சரிம்பான். கடைசில பெட்டி காலின்னதும் ஓடிருவான்."

"அவர் ஓடினா அது அடுத்த வருஷப் பிரச்சினை. இந்தம்மா வந்தா நீங்க இந்த வருஷமே போகணும். ஸ்டெல்லாவோட காலேஜ் படிப்பு என்ன ஆகிறது?"

மகள் பெயரைச் சொன்னதும், தட்டில் மிச்சமிருந்த பஜ்ஜித் துணுக்குகளை விரலால் ஒதுக்க ஆரம்பித்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு பெரியம்மா என்னயப் பாத்து, ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டா. ஆனா எனக்குத் தெரியும்லா." கொஞ்சம் கழித்து அவராகவே சிரித்தார். "யாரு செலவுன்னு கேட்டுட்டுத் தின்னா பாத்தியாடே. இப்படி ஒரு பொம்பளய எங்க போய்த் தேடுவ?"

அவர் சொல்லச் சொல்ல நான்தான் சிபாரிசை டைப் அடித்தேன். 'நேர்மையானவர். கண்டிப்பானவர். சிரிக்க மாட்டார். வந்ததும் என் பதவியைத்தான் முதலில் எடுப்பார். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல இடம் அமையாது.' கடைசி வாக்கியம் அரசாங்கக் கடிதத்துக்குப் பொருந்தாது என்றேன். பொருந்தும், அடி என்றார்.

பெரியம்மா சொன்னபடி கையெழுத்துப் போட்டார். மிஸ் கார்வர் வந்தார். தார், கார், அலமாரி எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். மறுநாள் கேன்டீனில் ஷெரிஃபுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சூப் குடித்தார். ஓடவில்லை. அவருடைய முதல் பட்ஜெட்டில் அண்ணாச்சியின் பதவி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"பாத்தியா என் செலக்‌ஷன?" என்று அந்தப் பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டினார் அண்ணாச்சி. "சொன்ன மாதிரியே செஞ்சிட்டால்லா." நல்ல இடத்தில் மகளைக் கட்டிக் கொடுத்த தகப்பனின் குரல். கண்ணையும் அதே தகப்பனைப் போலத்தான் துடைத்துக்கொண்டார்.

பிரிவுபசாரத்துக்கு கவுன்ட்டியில் காசு இல்லை. மிஸ் கார்வர் ஒரு கேக் வாங்கி வந்தார். "இது என் செலவு" என்று அண்ணாச்சியிடம் சொன்னார். அதுதான் அவர் சிரித்து நான் பார்த்த ஒரே சந்தர்ப்பம்.

அண்ணாச்சி பல மாதம் அலைந்து, டெக்சாஸில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கும் வேலையில் சேர்ந்தார். ஸ்டெல்லா ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி, துணிக்கடையில் வேலை பார்த்து, மறுபடி போனாள். இப்போது டெக்சாஸ் தமிழர்கள் வீடுகளில் சம்பந்தங்கள் கேசரியோடு முடிவதாகக் கேள்விப்படுகிறேன்.

எனக்கும் அவர்தான் பெண் பார்த்தார். டெக்சாஸிலிருந்து திருநெல்வேலிக்கு டிரங்க் கால் போட்டு, "பையன் நல்லவன். ஆனா சொந்தமா ஒரு முடிவு எடுக்க மாட்டான், எவனாவது சொல்லணும். அதையும் யோசிச்சுக்கிடுங்க" என்றாராம். பெண்ணே யோசித்து, அது நல்ல குணம்தானே என்றாளாம்.

போன மாதம் மிஸ் கார்வர் கவுன்ட்டியின் பழைய சாமான்களை ஏலத்தில் விட்டார். ஒரு சக்கரம் இல்லாத நாற்காலியை யாரும் கேட்கவில்லை. அதைக் காரில் ஏற்றி வந்து என் எழுதும் மேசையின் முன்னால் போட்டிருக்கிறேன். தூக்கிப் போடச் சொல்லி மனைவி தினமும் சொல்கிறாள். சக்கரமாவது மாட்டு என்கிறாள். இடது பக்கம் சாய்ந்துகொண்டே எழுதுவது எனக்குப் பழகிவிட்டது.