பெட்ரோல் வரியும் பிளந்த பாலமும்

“எல்லாரும் பாலத்தைவிட்டு இறங்குங்க!” என்று பொறியாளர் கத்தியதுதான் முதல் தப்பு.

அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின. ‘பெட்ரோல் வரியை உயர்த்தாதே!’ என்ற பேனர் கைப்பிடிச் சுவரில் படபடத்தது. மீசைக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“இறங்கச் சொல்ல நீங்க யாரு? வரி போடச் சொன்ன ஆளா?”

பொறியாளர் சாட்சாத் அந்த ஆளேதான். பாலங்களைப் பழுதுபார்க்கப் பணமில்லை, பெட்ரோல் வரியைக் கூட்டுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை சலித்தவர். நேற்றுதான் சம்மதித்தார்கள். இன்று காலை பாலத்துக்கு அடியில் போய்ப் பார்த்தால், தூணில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். பதறியடித்து மேலே ஏறி வந்தால் இந்தக் கூட்டம்!

“ஐயையோ, நானும் எதிர்க்க வந்தவன்தாங்க!”

“அப்ப கோஷம் போடுங்க!”

போட்டார். தான் கேட்டு வாங்கிய வரியைத் தானே ஒழிக என்றார். கூட்டம் இன்னும் உரக்கக் கத்தியது. காலடியில் தளம் லேசாக அதிர்ந்தது.

இவர்களை எப்படியாவது நகர்த்த வேண்டும். “இங்க நின்னு என்ன பிரயோசனம்? வாங்க, அக்கரையில இருக்கற வரி ஆபீசை முற்றுகை போடுவோம்!” என்றார்.

ஏனோ எல்லார் முகமும் வெளிறிவிட்டது.

“அங்கெல்லாம் வேணாம்” என்றார் மீசைக்காரர் அவசரமாக. “இங்கயே இருப்போம்.”

“சரி, சத்தம் போடாம உட்காரவாவது செய்யுங்க.”

உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை எழப்போவதில்லை என்பதுபோலச் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். பின்னால் வந்தவர்களும் இடம் பிடித்து உட்கார, பாலம் நிறைந்துவிட்டது. கீழே எங்கோ ‘கிறீச்’ என்றது.

“எழுந்திருங்க! எழுந்திருங்க!” என்று அலறினார் பொறியாளர்.

“தலைவர் எழுச்சிக்குக் கூப்பிடறார்!” என்று குடையோடு வந்த ஓர் அம்மாள் கூவ, கூட்டம் துள்ளி எழுந்தது. நாலு பேர் அவரை அலாக்காகத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் குதிக்க ஆரம்பித்தார்கள். எந்தப் பாலத்துக்கும் ஆகாத காரியம் அது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, டிவியில உங்களைத் தோள்ல தூக்கி வச்சுக் காட்டறாங்க! ராத்திரி பகலா உட்கார்ந்து நீங்க எழுதி வாங்கின வரிதானே அது? உங்களுக்கு என்ன ஆச்சு?”

“உயிரோட வந்தா சொல்றேன்.”

கீழே ஒரு கல் பெயர்ந்து ஆற்றில் விழுந்தது. பொறியாளருக்கு அடி, உதை, மானம், மரியாதை எல்லாம் மறந்துபோயிற்று.

“குதிக்காதீங்க! நான்தான் பால இன்ஜினீயர்! வரியைக் கூட்டச் சொன்னதும் நான்தான்! தூண் பிளந்து கிடக்கு, அதைச் சரிபண்ணத்தான் கேட்டேன்! என்னை அடிக்கணும்னா கரைக்கு வந்து அடிங்க!”

கூட்டம் அப்படியே உறைந்தது. தோளில் தூக்கியவர்கள் அவரை மெல்ல இறக்கிவிட்டார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை.

“அடப்பாவி மனுஷா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? தொண்டை கிழிஞ்சுபோச்சு!” என்றார் மீசைக்காரர்.

கண்ணைத் திறந்தால், மொத்தக் கூட்டமும் பூனைபோல நடந்து அக்கரையில் இறங்கி, வரிசையாக வரி அலுவலகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

பொறியாளர் தட்டுத்தடுமாறிக் கரையேறினார். பாலத்து முனையில் சைக்கிளில் டீ விற்பவர் கேட்காமலே ஒரு கிளாஸை நீட்டினார்.

“ஏம்ப்பா, போராட்டக்காரங்க எதுக்கு வரி ஆபீசுக்குள்ள போறாங்க?”

“போராட்டக்காரங்க விடிஞ்சதுமே வந்து, விரிசலைப் பார்த்து மிரண்டு, கட்டின பேனரைக்கூட அவுக்காம ஓடிட்டாங்க சார், இவங்க பூரா வேலைக்குப் போற அந்த ஆபீஸ் ஆளுங்கதான், பேனரைப் பார்த்துட்டு, கூட்டத்துல போராட்டக்காரங்க இருக்காங்கன்னு நினைச்சு, எங்க அடி விழுமோன்னு பயந்து ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கத்திக்கிட்டு இருந்தாங்க.”