இரண்டு பூட்டு போட்ட மதகு

பாலைவனம் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் ஸஹ்ரான் என்றொரு நாடு இருந்தது. பழைய அரசர் ஓடிப்போன பிறகு அதற்கு மேற்கில் ஓர் அரண்மனையும் கிழக்கில் ஓர் அரண்மனையும் வாய்த்தன. நாடு முழுக்கத் தன்னுடையதே என்று இரண்டும் சொல்லிவந்தன. நடுவில் கிடந்த நஹ்லா ஊருக்கு இரண்டு அரண்மனைகளின் சட்டமும் பொருந்தியது.

ஊருக்கு மேலே காட்டாற்றை மறித்து ஓர் அணை. அதைப் பார்த்துக்கொண்டவள் யமீனா என்ற பொறியாளர். அணைச் சுவரில் விரல் நுழையுமளவு விரிசலைக் கண்டதும் இரண்டு அரண்மனைகளுக்கும் எழுதினாள். பதில் வராததால் நேரில் போனாள்.

மேற்கு மந்திரி தேநீர் கொடுத்து உபசரித்தார்.

"விரிசல் இருக்குன்னு நாங்க ஒத்துக்கிட்டா, அது எங்க பொறுப்புன்னு ஆயிடும்மா. இப்போதைக்கு இல்லைன்னே வச்சுக்குவோம்."

கிழக்குத் தளபதி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அணை எங்களோடது. விரிசல் அவங்களோடது. அங்க போய்க் கேளு."

அவள் போய்வந்ததற்குப் பலன் இல்லாமல் இல்லை. எதிராளி அணையைப் பிடித்துவிடுவானோ என்று பயந்து, இரண்டு அரண்மனைகளும் மதகுக்கு ஆளுக்கொரு பூட்டு போட்டன. சாவிகள் தலைநகரங்களுக்குப் போயின. அதுவரை அவ்வப்போது திறந்துவிட்ட தண்ணீரும் நின்றது.

ஐப்பசியில் கடலில் புயல் கிளம்பியது. எல்லோரும் உடனே ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று மேற்கு அறிவித்தது. வீட்டைவிட்டு வெளியே வருபவர் சுடப்படுவர் என்று கிழக்கு அறிவித்தது. ஜனங்கள் மூட்டைகளோடு வாசற்படியிலேயே நின்றார்கள்.

விடிந்தபோது விரிசலில் கை நுழைந்தது. யமீனா கடப்பாரையோடு மதகுக்கு ஓடினாள். கிழக்கின் காவலாளி மப்ரூக் துப்பாக்கியை நீட்டினான்.

"பூட்டத் தொட்டா நான் சுடணும்மா. உத்தரவு."

"உன் வீடு எங்கப்பா இருக்கு?"

"பள்ளத் தெருவுல."

அவன் அணைச் சுவரைப் பார்த்தான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கடப்பாரையை அவனே வாங்கிக்கொண்டான்.

திறந்த மதகிலிருந்து பாய்ந்த தண்ணீர் பள்ளத் தெருவில் முழங்கால் அளவு ஏறியதும் யாரும் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. மொத்த ஊரும் குன்றின் மேல் ஏறியது. சுட வந்த சிப்பாய்களும் ஏறினார்கள். உச்சிவேளையில் அணை உடைந்து பாதி ஊரைக் கடலுக்குக் கொண்டுபோனது. நடக்க முடியாத பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். மப்ரூக்கின் தாயும் அவர்களில் ஒருத்தி.

ஒன்பதாம் நாள், குன்றின் மேல் கூடாரத்தில் ரொட்டி பங்கிட்டுக்கொண்டிருந்த யமீனாவிடம் ஓர் அதிகாரி தாளொன்றை நீட்டினார். அரசுச் சொத்தான பூட்டுகள் இரண்டை உடைத்த குற்றத்துக்காக அவளையும் மப்ரூக்கையும் கைது செய்யும் ஆணை அது. அடியில் மேற்கின் முத்திரையும் கிழக்கின் முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

யமீனா அதை இரண்டு முறை படித்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போட ஒம்பது நாள்தான் ஆகுமாய்யா?" என்று கேட்டாள்.