தொடர்புடைய பதிவுகளும் சம்மந்தி அக்காவும்

உலகத்தில் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு பொருள்கள் இருக்க முடியும் என்பதைச் சம்மந்தி அக்கா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நாகர்கோவிலில் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. எங்கள் பக்கம் சம்மந்தி என்றால் தேங்காய்த் துவையலும்தான். அக்காவின் மதியச் சாப்பாட்டில் அது தவறாமல் இருக்கும் என்பதால், பட்டப்பெயர் எந்த அர்த்தத்தில் வந்தது என்பதில் அலுவலகத்தில் இரண்டு கட்சி உண்டு.

"நீங்க யாருக்க மொவன்?" என்று தொடங்குவார். கூரியர்காரர் கையெழுத்து வாங்குவதற்குள் அவருடைய பெரியப்பாவின் மருமகள் வரை போய்விடுவார். சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், தாம் கும்பகோணத்துக்காரர் என்று சொல்லித் தப்பப் பார்த்தார். "கும்பகோணமா? எனக்க தங்கச்சிக்க நாத்தனாரைக் கெட்டிக் குடுத்தது அங்கதானே" என்றார் அக்கா. மாலைக்குள் அதிகாரி அவருக்கு ஏதோ ஒரு வழியில் தம்பியாகியிருந்தார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒப்பந்த மென்பொருளைக் கொடுத்த புத்திசாலி நான்தான். சென்னையில் பயிற்சிக்குப் போய்விட்டு, கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்ற மனமில்லாமல் ஊர் திரும்பிய நிபுணன். ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் கீழே 'தொடர்புடைய பதிவுகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். மூல ஒப்பந்தத்தோடு அதன் திருத்தத்தையும் புதுப்பித்தலையும் அங்கே இணைத்துவிட்டால், ஒன்றைத் திறந்தாலே மற்றவையும் தெரியும். என்ன வகை உறவு என்றும் குறிக்க வேண்டும்: தாய், சேய், உடன்பிறப்பு. இதைச் சொன்னதும் அக்காவின் முகம் மலர்ந்தது. என் போதனையின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து கிரேன் வாடகை ஒப்பந்தத்தைத் திறந்தேன். அதன் கீழே ஒரு நிலக் குத்தகை, காவலாளி ஒப்பந்தம், குடிதண்ணீர் கேன் ஒப்பந்தம் என்று ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது.

"அக்கா, கிரேனுக்கும் தண்ணிக் கேனுக்கும் என்ன தொடர்பு?"

"கேன் போடுகவன் கிரேன்காரனுக்க மச்சினன்லா. தெரியாதா?"

"அது மனுஷங்க உறவுக்கா. இது ஒப்பந்தம்."

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது மனுஷன்தானே மக்கா?"

நிபுணன் எழுந்து டீ குடிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் இணைப்பார், நான் பிரிப்பேன். ஊழியர்களின் பணி ஒப்பந்தங்களும் அதே மென்பொருளில்தான் இருந்தன. பிரித்துக்கொண்டே வந்தவன் என்னுடையதையும் திறந்தேன். தொடர்புடைய பதிவு ஒன்று இருந்தது. சுபாவின் பணி ஒப்பந்தம்.

சுபா எங்கள் ஆரல்வாய்மொழி அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். மென்பொருளில் அவளுக்கு வராத சந்தேகங்களையெல்லாம் நான் போன் போட்டுத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தைரியம் வந்ததில்லை. இப்போது அக்காவே முடிவு செய்துவிட்டார். அந்த ஒரு இணைப்பை மட்டும் நான் பிரிக்கவில்லை.

தினமும் வந்ததும் திறந்து பார்ப்பேன், இருக்கும். இளஞ்சிவப்பில் ஒரு சட்டை எடுத்தேன். முடிவெட்டுகிறவரிடம் புருவத்தையும் கொஞ்சம் கவனிக்கச் சொன்னேன். "ஆரல்வாய்மொழியில நல்ல காத்துல்லா?" என்று அம்மாவிடம் காரணமில்லாமல் கேட்டேன். அக்காவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிப் போனேன்.

"என்ன மக்கா, ஒரு மாதிரி இருக்க?" என்றார் சிப்ஸைத் தின்றபடி.

"எனக்க பதிவுல ஒண்ணு சேத்திருக்கியளேக்கா, பாத்தேன்." எனக்கே என் குரல் கூச்சமாக இருந்தது.

"என்ன வகைன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. நிபுணனாயிற்றே. திறந்தேன். உடன்பிறப்பு.

"உனக்க அம்மைக்க அம்மையும் அவளுக்க அம்மைக்க அம்மையும் அக்கா தங்கச்சிக்க மக்க. அப்ப அவ உனக்குத் தங்கச்சி முறை. நீ போன்ல சிரிக்கத பாத்துட்டுதான் இருந்தேன். நேர்ல சொன்னா சங்கடப்படுவ, அதான் இதுல போட்டேன்."

"தூரத்து முறைதானேக்கா?"

"தங்கச்சில தூரம் என்ன, பக்கம் என்ன?"

சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் கேட்டேன். விட்டுப்போன சொந்தம் கிடைத்த சந்தோஷத்தில் அம்மா பழமும் பலகாரமுமாக ஆரல்வாய்மொழிக்கே போய்வந்தாள். அடுத்த முறை போன் போட்டபோது சுபா, "சொல்லுங்கண்ணே" என்றாள். அவளுக்கு மென்பொருளில் எந்தச் சந்தேகமும் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவளுக்குத் திருவட்டாறில் மாப்பிள்ளை அமைந்தது. கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லாத வீடு. பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டும், அதற்கு யார் என்று பேச்சு வந்தபோது, அக்கா அங்கேயும் இருந்தார். "நம்ம பய இருக்கான்லா."

கல்யாணத்தன்று செம்புத் தண்ணீரோடு குனிந்தேன். மாப்பிள்ளைக்குப் பெரிய பாதம். குறை சொல்ல முடியாதபடி கழுவினேன்.

பந்தியில் அக்கா என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். எதிரே இருந்த பெரியவர் என்னைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார். "பொண்ணுக்க அண்ணன்" என்றார் அக்கா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, என் போன் சிரிப்பைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பாயசம் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, தம் இலையிலிருந்த பப்படத்தை எடுத்து என் பாயசத்தில் நொறுக்கிப் போட்டார். "சாப்பிடு மக்கா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.